முள் பச்சையில்தான் நின்றது

முதுகு போன பிறகுதான் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. பத்தொன்பது வருடம் வார்டில் நர்ஸாக நின்றவள். கட்டிலிலிருந்து நழுவிய கனத்த நோயாளி ஒருவரைத் தனியாகத் தாங்கிப் பிடித்ததில் இடுப்புக்கு மேலே ஏதோ பிசகி, மூன்று மாதம் படுக்கையில் கிடந்தாள். இனிமேல் தூக்குகிற வேலை ஆகாது என்ற டாக்டர் சீட்டோடு அவள் திரும்பி வந்தபோது, ஆஸ்பத்திரி நிர்வாகம் கொஞ்சம் யோசித்தது. பிறகு மாடிப்படிக்குக் கீழே, போர்வைகள் அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேஜையைப் போட்டு, 'நோயாளி பாதுகாப்பு அதிகாரி' என்று கதவில் பலகை மாட்டிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அப்படி ஓர் ஆள் இல்லாமல் சான்றிதழ் கிடையாது. உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் அவளுக்கும் பொருந்தியது, அவர்களுக்கும் பொருந்தியது.

எல்லோரும் அவளை 'செக்லிஸ்ட் அக்கா' என்றார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், அப்புறம் நேரிலேயே. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கையில் அட்டையும் பேனாவுமாக, கை கழுவினீர்களா, சீட்டில் பெயரைப் பார்த்தீர்களா, கட்டில் கம்பியை ஏற்றினீர்களா என்று வார்டு வார்டாக டிக் போட்டுக்கொண்டு திரிகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்.

ஆனால் அவள் அந்த வேலையை நம்பினாள். ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். தப்பு செய்தவரைத் தண்டித்தால் அடுத்தவர் மறைப்பார், மறைத்த தப்பு இன்னொரு கட்டிலில் திரும்ப நடக்கும் என்று அங்கே சொன்னது அவளுக்கு நெஞ்சில் தைத்தது. திரும்பி வந்ததும் ஒரு ஃபாரம் அடித்தாள். வார்டில் நடந்த தவறோ, நடக்கப் பார்த்துக் கடைசி நேரத்தில் தப்பித்ததோ எதுவானாலும் அதில் எழுதித் தர வேண்டும். தலைப்பில் தடித்த எழுத்தில், 'இது யாரையும் தண்டிப்பதற்கு அல்ல' என்று போட்டிருந்தாள்.

மூன்று மாதத்தில் இரண்டே ஃபாரம் வந்தன. ஒன்று மின்விசிறி சுற்றவில்லை என்பது. இன்னொன்று கேன்டீன் டீயைப் பற்றியது.

அதன் பிறகுதான் நர்ஸ்களுக்கு அவள் எடுத்த ஒரு வகுப்பில், முன்யோசனை எதுவும் இல்லாமல், தன் கதையைச் சொன்னாள்.

"நான் வேலைக்குச் சேந்த ரெண்டாவது மாசம். ஏழாம் நம்பர் கட்டிலுக்குப் போட வேண்டிய ஊசிய எட்டாம் நம்பருக்குப் போட்டுட்டேன். அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. யார்கிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல. இன்னிக்கு உங்ககிட்டதான் சொல்றேன். இத்தன வருஷமா வயித்துல கல்லக் கட்டின மாதிரி இருந்தது. அந்தக் கல்லு உங்களுக்கு வேணாம். எழுதிடுங்க. எழுதினவங்க மேல ஒரு துரும்பு விழாது. அதுக்கு நான் பொறுப்பு."

பொறுப்பு என்று சொல்லத் தனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றவில்லை. அடுத்த மாதம் நாற்பது ஃபாரம் வந்தன.

அவற்றில் பாதி பெட்டிக்கடை எழுதியவை. பெட்டிக்கடை என்பது எமர்ஜென்சி வார்டில் வேலை பார்த்த நர்ஸ். அவள் கைப்பையில் ஊக்கு, ஊசி நூல், தலைவலி மாத்திரை, பிஸ்கட், மாற்றுச் செருப்பு, பேட்டரி எல்லாம் இருக்கும். யாருக்கு எது வேண்டுமானாலும் அவளிடம்தான் ஓடுவார்கள். அப்படி வந்த பெயர். முப்பது வயது. புருஷன் வேறு ஊரில் கிரேன் ஓட்டுகிறவன், மாதம் ஒரு முறை வருவான். வீட்டில் மாமியாரும் ஐந்து வயதுப் பெண்ணும்.

"அக்கா, உங்க ஃபாரம் தீந்துபோச்சு" என்று வந்து நிற்பாள். "கல்யாணப் பத்திரிகை மாதிரி எண்ணி எண்ணிக் குடுக்கறீங்க. கொஞ்சம் கூடுதலா அடிச்சாத்தான் என்ன?"

அவள் எழுதிய ஒரு ஃபாரத்தில்தான் சிலிண்டர் விஷயம் முதலில் வந்தது. நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும்போது ஸ்ட்ரெச்சரோடு ஒரு சிறிய ஆக்ஸிஜன் சிலிண்டரை வைப்பார்கள். அதன் மீட்டரில் முள் பச்சையில் நின்றால் நிறைந்திருக்கிறது, சிவப்புக்கு வந்தால் தீரப்போகிறது. அன்று முள் பச்சையில் நின்றது; சிலிண்டரோ காலி. வார்டு வாசலிலேயே நோயாளிக்கு மூச்சிரைத்ததால் கண்டுபிடித்து, சுவரிலிருந்த குழாய்க்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு நர்ஸ் அதையே எழுதினாள். அதற்கடுத்த மாதம் மறுபடியும் பெட்டிக்கடை. மூன்றும் ஒரே வருடம் வாங்கிய மீட்டர்கள். உள்ளே முள் ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாவது ஃபாரத்தின் மூலையில் செக்லிஸ்ட் அக்கா சிவப்பு வில்லையை ஒட்டினாள். சிவப்பு என்றால் ஒரு நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். அதுவரை அந்தப் பொருளை யாரும் தொடக் கூடாது. ஃபாரத்தை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனாள். கொள்முதல் மேலாளரும் அங்கே இருந்தார்.

டைரக்டர் குரலை உயர்த்தாத மனிதர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். முதுகு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ஃபாரத்தைப் பொறுமையாகப் படித்தார்.

"எத்தன மீட்டர் இந்த மாதிரி?"

"நாப்பத்தாறு சார். எல்லாத்தையும் மாத்தணும்."

"ஆர்டர் போட்டு வர்றதுக்கே ரெண்டு மாசம் ஆகும்" என்றார் கொள்முதல் மேலாளர். "அதுவரைக்கும் நோயாளிய எதுல கொண்டுபோறது? தலையில தூக்கியா?"

"சான்றிதழ் குழு எப்ப வர்றாங்க?" என்று டைரக்டர் கேட்டார்.

"அடுத்த வியாழக்கிழம சார்."

"சிவப்பெல்லாம் அவங்ககிட்ட காட்டணும் இல்லையா?"

"ஆமா சார்."

"இதுவரைக்கும் யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"இல்ல சார். மூணு தடவையும் சுதாரிச்சுட்டாங்க."

"அப்ப நம்ம ஆளுங்க சுதாரிப்பா இருக்காங்க. நல்ல விஷயம்தானே." ஃபாரத்தை மடிக்காமல் அவள் பக்கம் நகர்த்தினார். "மஞ்சளுக்கு எத்தன நாள் டயம்?"

"தொண்ணூறு நாள்."

"தாராளமா போதுமே. பாருங்க, கலர் உங்க முடிவு. அதுல நான் தலையிட மாட்டேன். எனக்கு உங்க மேல முழு நம்பிக்கை இருக்கு."

படியிறங்கி வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சான்றிதழ் போனால் தன் மேஜையும் போகும் என்று நினைத்தாள். மூன்று முறையும் தப்பித்துத்தானே இருக்கிறது என்றும் நினைத்தாள். பிறகு சிவப்பு வில்லையை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் மஞ்சளை ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

மனசு கேட்கவில்லை. அதற்காகவே ஒரு சுற்றறிக்கை எழுதினாள். நோயாளியைக் கொண்டுபோகும் முன் சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் இருக்கும் காற்றை வெளியே விட்டு, முள் கீழே இறங்குகிறதா என்று பார்த்து, மறுபடி திறக்க வேண்டும். முள்ளை மட்டும் பார்த்து எடுத்துப் போகக் கூடாது. நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினாள். பெட்டிக்கடை படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மூடி, விட்டு, பாத்து, தொறந்து. ரெண்டு நிமிஷம் ஆகும்கா. ஆள் இருக்கற வார்டுல நடக்கும். எங்க வார்டுல மூச்சு விடவே நேரமில்ல."

"தெரியும்டி. மாத்தற வரைக்கும்தான். போடு."

போட்டாள். வியாழக்கிழமை குழு வந்தது. மஞ்சள் ஃபாரங்களின் கட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊழியர்கள் இவ்வளவு வெளிப்படையாக எழுதுவதைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். சான்றிதழ் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள்.

தொண்ணூறில் நாற்பத்தோராவது நாள் அது நடந்தது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர், முப்பத்தெட்டு வயது, நெஞ்சுச் சளி முற்றி எமர்ஜென்சியில் கிடந்தார். ஆக்ஸிஜன் இல்லாமல் இருக்க முடியாது, ஆனால் பேசிக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுக்கப் பக்கத்துக் கட்டடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அன்று மதியம் வார்டில் நான்கு நர்ஸ்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஸ்கேன் அறையிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது: ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் அடுத்த ஆளை எடுத்துவிடுவோம். ஒன்பதாம் கட்டிலில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்கடை ஒரு சிலிண்டரை இழுத்தாள், மீட்டரைப் பார்த்தாள், பச்சை. ஸ்ட்ரெச்சரில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நோயாளியின் அண்ணன் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

இரண்டு லிஃப்டில் ஒன்று பழுது. மற்றொன்றுக்கு எட்டு நிமிடம் காத்திருந்தார்கள். உள்ளே போய்க் கதவு மூடியதும் நோயாளி, "அண்ணா, முடியல" என்றார். பெட்டிக்கடை மீட்டரைப் பார்த்தாள். முள் பச்சையில்தான் நின்றது. முகமூடியைச் சரிசெய்தாள், குழாய் மடிந்திருக்கிறதா என்று தடவினாள், அளவைக் கூட்டினாள். உதடு நீலமாகத் தொடங்கியபோதுதான் காதைக் குழாயருகே கொண்டுபோனாள். சத்தமே இல்லை. கதவு திறந்ததும் ஸ்ட்ரெச்சரை ஓட்டமாகத் தள்ளினாள். ஸ்கேன் அறையில் ஆக்ஸிஜன் கொடுத்தார்கள், நெஞ்சை அழுத்தினார்கள், என்னென்னவோ செய்தார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் இறந்துபோனார்.

நடைபாதையில் தரையில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் யாரும் போகவில்லை. பெட்டிக்கடைதான் போனாள். அவர் பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்து, "சிலிண்டர் காலியா இருந்திருக்குண்ணா. மீட்டர் நெறயக் காட்டிச்சு. நான் மூடித் தொறந்து பாத்திருக்கணும். பாக்கல" என்றாள். அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

அங்கிருந்து நேராக மாடிப்படிக்குக் கீழே வந்தாள். சட்டையெல்லாம் வேர்வை.

"அக்கா, எழுதணுமா?"

செக்லிஸ்ட் அக்கா எழுந்து அவளை அணைத்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஒரு ஃபாரத்தை எடுத்து நீட்டினாள்.

"உள்ளபடி எழுதும்மா. உள்ளபடி எழுதினாத்தான் நாளைக்கு இன்னொருத்தருக்கு ஆகாம இருக்கும்."

பெட்டிக்கடை எழுதினாள். எந்த நேரம், எந்தச் சிலிண்டர், லிஃப்டுக்கு எவ்வளவு நேரம், எல்லாம். கடைசியில், 'முள் பச்சையில்தான் நின்றது. வால்வை மூடித் திறந்து பார்க்கவில்லை. அதற்கு நேரமில்லை என்று நினைத்தேன். அது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கடைசி வரி வேண்டியதில்லை. யார் தவறு என்று கேட்கும் கட்டமே ஃபாரத்தில் கிடையாது. அதை அடித்துவிடு என்று சொல்ல செக்லிஸ்ட் அக்காவுக்கு வாய் வரை வந்தது. ஆனால் தன் மஞ்சள் வில்லையும் அதே நேரத்தில் நினைவுக்கு வந்தது. பேசாமல் ஃபாரத்தை வாங்கி வைத்தாள்.

மூன்றே நாளில் நாற்பத்தாறு மீட்டரும் மாற்றப்பட்டன. இரண்டு மாதம் ஆகும் என்று சொன்ன கொள்முதல் மேலாளரே முன்னால் நின்று மாற்றினார்.

அண்ணன் போலீஸில் புகார் கொடுத்தார். ஆஸ்பத்திரியின் வக்கீல் டைரக்டர் அறைக்கு வந்து, சம்பந்தப்பட்ட காகிதம் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். நிதானமான, மரியாதை தெரிந்த ஆள். செக்லிஸ்ட் அக்காவுக்கு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்து இரண்டு அடுக்காக வைத்தார். பெட்டிக்கடை அன்று எழுதிய ஃபாரமும், நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துள்ள சுற்றறிக்கையும் வலது பக்கம். முன்னால் வந்த மூன்று ஃபாரங்கள் இடது பக்கம்.

"இது ரெண்டும் போலீஸுக்குப் போகும்" என்று வலது பக்கத்தைக் காட்டினார்.

"சார், அந்த ஃபாரம் யாரையும் தண்டிக்கறதுக்கு இல்ல. மேலேயே அச்சடிச்சிருக்கோம்."

"அச்சடிச்சது நீங்கம்மா. அது சட்டம் இல்ல." அவர் குரலில் கிண்டல் இல்லை. "ஆஸ்பத்திரி ஒரு விதி போட்டிருக்கு. எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்கு. ஒருத்தங்க அத மீறிட்டு, மீறினேன்னு தன் கைப்படவே எழுதியும் குடுத்திருக்காங்க. கோர்ட்டுக்கு இதுக்கு மேல எதுவும் தேவைப்படாது. உங்க சர்குலர் ரொம்ப உதவியா இருக்கு."

"அந்த மூணு ஃபாரம்?"

"இதெல்லாம் உள்ளுக்குள்ள எழுதிக்கற குறிப்பு. நான் பத்திரமா வெச்சுக்கறேன்." மூன்றாவது ஃபாரத்தைக் கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். மஞ்சள் வில்லையின் ஓரத்தில் சிவப்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "இது வெளிய வந்தா, கீழ இருக்கற கையெழுத்தும் வெளிய வரும். அது யாருக்கும் நல்லதில்ல. உங்களுக்கும்."

வக்கீல் கை கழுவப் போனார். டைரக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி போனில் பேசிக்கொண்டிருந்தார். மூன்று ஃபாரங்களும் மேஜை மேல் இருந்தன. அவள் தன் போனைக் கையில் எடுத்தாள். படம் எடுக்க ஒரு விநாடி போதும். எடுக்கவில்லை. போனை மறுபடி பையில் போட்டாள். பயந்தாள், அவ்வளவுதான். பின்னால் எத்தனையோ காரணம் யோசித்துப் பார்த்தாள். அதைவிட நல்ல காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

அவள் புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்க மற்றவர்கள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பிழைப்பவர். ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்துவிட்டுக் கேட்டார். சொன்னாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வண்டி எங்கயாவது இடிச்சா ஸ்டீரிங் புடிச்சவனத்தான் புடிப்பாங்க" என்றார். "ஆனா என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. நான் மிதிச்சனா இல்லையான்னு எனக்குத் தெரியும்."

"நான் சொன்னா வேல போகும். ஜெயிலுக்குக்கூடப் போவேன்."

"போய்ச் சொல்லாதன்னு நான் சொல்லல. போன்னும் சொல்லல. எனக்கு அந்த தைரியம் இருக்குமான்னு தெரியல."

பெட்டிக்கடையைக் கைது செய்து, இரண்டு நாள் வைத்திருந்து ஜாமீனில் விட்டார்கள். ஆஸ்பத்திரி அவளை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. செக்லிஸ்ட் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனாள். மாமியார் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவருகிலேயே நின்றார்.

"எங்க வீட்டுக்குப் போலீஸ் வந்தது இதுதான் மொத தடவ" என்று பொதுவாகச் சொன்னார்.

பெட்டிக்கடை இளைத்திருந்தாள். ஆனால் இவளைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"அக்கா, என் வக்கீல் என்னமோ அவசரக்காரர். நான் சொல்றத காதுல வாங்கவே மாட்டேங்கறார். நான் அவருக்கு அந்த மூணு ஃபாரத்தப் பத்திச் சொல்லியிருக்கேன். ரெண்டு நான் எழுதினது. முன்னாடியே எழுதிக் குடுத்தோம்னு தெரிஞ்சா கொஞ்சமாவது நம்புவாங்க இல்லக்கா? உங்ககிட்டதான இருக்கு?"

செக்லிஸ்ட் அக்கா தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "பாக்கறேம்மா" என்றாள்.

"நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் இருக்கேன்" என்றாள் பெட்டிக்கடை.

வழக்கு நீதிமன்றத்துக்கு வர ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்குள் பெட்டிக்கடையின் வக்கீல் அந்த ஃபாரங்களைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதியிருந்தார். அப்படி எதுவும் பதிவில் இல்லை என்று பதில் வந்திருந்தது. வருகிற ஃபாரங்களைப் பதியும் கணினிப் பதிவேட்டில் அந்த மூன்று வரிசை எண்களுக்கும் நேராக மின்விசிறி, தண்ணீர்க் குழாய், கதவுத் தாழ்ப்பாள் என்று இருந்ததை செக்லிஸ்ட் அக்கா தன் கண்ணாலேயே பார்த்தாள். யார் மாற்றினார்கள் என்று கேட்கவில்லை.

அரசு வக்கீல்தான் அவளைச் சாட்சியாகக் கூப்பிட்டார். சுற்றறிக்கை அவள் எழுதியதுதானா, அதிலிருக்கும் கையெழுத்து அந்த நர்ஸ் போட்டதுதானா என்று இரண்டே கேள்வி. ஆமாம், ஆமாம் என்றாள். பின் வரிசையில் ஆஸ்பத்திரி வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் பெட்டிக்கடை நின்றுகொண்டிருந்தாள். வேன்காரரின் அண்ணன் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

பெட்டிக்கடையின் வக்கீல் எழுந்து, நம்பிக்கையே இல்லாமல் கேட்டார்: "இந்த மீட்டர் கோளாறப் பத்தி இதுக்கு முன்னாடி யாராவது எழுத்துல குடுத்தாங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். அதைச் சொல்லிப் பழகிக்கூடப் பார்த்திருந்தாள். ஆனால் பெட்டிக்கடை தன்னைப் பார்க்கிறாள் என்பது தெரிந்ததும், "மூணு தடவ குடுத்தாங்க" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. "ரெண்டு தடவ இவங்களே குடுத்தாங்க. நான் அதுக்கு சிவப்பு போட்டேன். அப்புறம் நானே மஞ்சளா மாத்திட்டேன். சிவப்பாவே இருந்திருந்தா அன்னிக்கு அந்த சிலிண்டர் வார்டுலயே இருந்திருக்காது."

அறையில் சலசலப்பு. நீதிபதி எழுதுவதை நிறுத்தினார்.

"அந்த ஃபாரம் எங்க?"

"ஆஸ்பத்திரி வக்கீல் எடுத்துக்கிட்டார்."

"நகல் இருக்கா?"

"இல்ல."

அரசு வக்கீல் மறுபடி எழுந்தார். "நீங்களும் இவங்களும் நெருக்கமா?" "ஆமா." "இவங்க வீட்டுக்குப் போயிருக்கீங்க?" "போயிருக்கேன்." "பதிவேட்டுல இல்லாத ஒண்ண, காகிதமே இல்லாம, நம்பச் சொல்றீங்க." நீதிபதி பெட்டிக்கடையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க அன்னிக்கு வால்வ மூடித் தொறந்து பாத்தீங்களா?" பெட்டிக்கடை, "இல்லங்கய்யா" என்றாள்.

வெளியே வந்தபோது வேன்காரரின் அண்ணன் படிக்கட்டில் செக்லிஸ்ட் அக்காவை நிறுத்தினார்.

"உங்களுக்கு மூணு தடவ தெரிஞ்சிருக்கு."

"ஆமா."

"அந்தப் பொண்ணு அன்னிக்கே வந்து என்கிட்ட சொல்லுச்சு. நான் அத போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். வேற யாரும் ஒண்ணும் சொல்லலியே, நான் யார் பேர எழுதறது?" அவர் குரல் ஏறவில்லை. "நீங்க அன்னிக்கு எங்க இருந்தீங்க? அதே கட்டடத்துலதான இருந்தீங்க?"

அவள் தலையாட்டினாள். அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

தீர்ப்பில் அவள் சொன்னது ஒரு பத்தியாக இடம்பெற்றது. சக ஊழியர் மேல் கொண்ட இரக்கத்தால் சொன்னதாகத் தோன்றுகிறது, ஆவணம் எதுவும் இல்லை, அப்படியே இருந்தாலும் விதியை மீறியதற்கு அது ஈடாகாது என்று இருந்தது. பெட்டிக்கடைக்கு ஒரு வருடத் தண்டனை. சிறைக்கு அனுப்பாமல் தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். நர்ஸ் பதிவை ரத்து செய்தார்கள்.

அந்தச் சாட்சியத்தை வேறு இடத்தில் நம்பினார்கள். இறந்தவரின் குடும்பம் ஆஸ்பத்திரியைக் கேள்வி கேட்கத் தொடங்கியதும் நிர்வாகம் ஓர் அறிக்கை விட்டது. பாதுகாப்பு அதிகாரி நிர்வாகத்துக்குத் தெரியாமல் ஆபத்தின் அளவைக் குறைத்துக் காட்டியதை அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்; அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார்; இனி இப்படி நடக்காது. மொத்தம் நான்கு வரி. பூசி மெழுகுகிற சொல் ஒன்றுகூட இல்லாமல், எல்லாம் அவள் சொன்ன வார்த்தைகளாலேயே எழுதியிருந்தார்கள். பிறகு குடும்பத்தோடு ஏதோ பேசி முடித்தார்கள். என்ன பேசினார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று இரண்டு பக்கமும் கையெழுத்தாம்.

அவள் இடத்துக்கு ஓர் இளைஞனை எடுத்தார்கள். அடுத்த மாதம் ஒரே ஒரு ஃபாரம் வந்ததாக, போர்வை அறையில் வேலை பார்க்கிறவள் போனில் சொன்னாள். அதற்கடுத்த மாதம் அதுவும் இல்லை. தவறே நடக்காத ஆஸ்பத்திரி என்று டைரக்டர் ஒரு கூட்டத்தில் பேசினாராம்.

ஆறு மாதம் கழித்து, பெட்டிக்கடை கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்ப்பதாகத் தெரிந்தது. போகலாமா வேண்டாமா என்று பல நாள் தள்ளிப்போட்டு, ஒரு மதியம் செக்லிஸ்ட் அக்கா புருஷனோடு பயிற்சிக் காரில் போனாள். அவர் வெளியே நின்றுகொண்டார்.

பெட்டிக்கடை ஒரு குழந்தையின் பாதத்தை அளந்துகொண்டிருந்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தவள் இவளைப் பார்த்தாள். திகைக்கவில்லை.

"வாங்க. என்ன நம்பர் உங்களுக்கு?"

"நான் செருப்பு வாங்க வரலம்மா."

"ஓனர் பாத்துக்கிட்டு இருக்கார். உக்காருங்க."

உட்கார்ந்தாள். பெட்டிக்கடை அவள் முன்னால் முழங்காலிட்டு, அவள் காலைத் தூக்கி அளவுப் பலகையில் வைத்தாள்.

"கோர்ட்டுல சொன்னேனே" என்றாள் செக்லிஸ்ட் அக்கா. அது எவ்வளவு அற்பமாகக் கேட்கிறது என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"சொன்னீங்க. நான் உங்கள நம்பி எழுதின அன்னிக்குச் சொல்லியிருந்தா காகிதம் இருந்திருக்கும்." பெட்டிக்கடை அவள் காலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என் வக்கீல் சொன்னார், முள் பச்சையில இருந்ததுன்னு மட்டும் எழுதிட்டு நிறுத்தியிருந்தா போதுமாம். கேஸே நின்னிருக்காதாம். அந்தக் கடைசி வரிய நான் எழுதினப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

பெட்டிக்கடை தலையாட்டினாள். எழுந்து போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தாள். செருப்பை அவள் காலில் மாட்டி, வாரை இழுத்து, விரல் முனையை அழுத்திப் பார்த்தாள். நர்ஸ்களுக்கே உரிய கை. வலிக்காமல் தொட்டது.

"என் மேல கோபமா இருப்ப."

"இருக்கு. ஆனா அத எழுதியெல்லாம் தர மாட்டேன்." அவள் சிரிக்கவில்லை. "அந்த வேன்காரர் 'அண்ணா, முடியல'ன்னு சொன்னது மட்டும்தான் எனக்குத் தெனம் கேக்குது. உங்க குரல், நீதிபதி குரல் எல்லாம் மறந்துபோச்சு. நடந்து பாருங்க, கடிக்குதான்னு சொல்லுங்க."

செக்லிஸ்ட் அக்கா எழுந்து நான்கடி நடந்தாள். முதுகு வலித்தது. அதற்குள் வேறு இரண்டு பேர் வந்துவிட, பெட்டிக்கடை அவர்களிடம் போய்விட்டாள். ஓனர் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

வெளியே வந்து காரில் ஏறினாள். புருஷன் வண்டியைக் கிளப்பாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"பேசினாளா?"

"பேசினா."

"என்ன சொன்னா?"

அவள் மடியில் இருந்த பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, மறுபடி முடிச்சுப் போட்டாள்.

"அந்தக் கடைசி வரியப் படிச்சீங்களான்னு கேட்டா. படிச்சேன்னு சொன்னேன்" என்றாள். "கெளம்புங்க."